கரிசல் மண்ணில் விழுந்த கோதுமை மணி
(தேவ மனிதர்கள் வரிசை: ராக்லண்ட் ஐயர், 1815 - 1858)



ஊழியக்காரர் ஐக்கியத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் ஸ்தோத்திரம் சொல்லுவோம். அடுத்து சுகம் விசாரிப்போம். மூன்றாவது கேள்வி என்ன தெரியுமா? சபையில எத்தனை பேர் என்பதுதான். இப்போ அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. யூடியூப்பில் எத்தனை பேர் பார்க்கிறாங்க என்று கேட்கிறோம்.

நானும் அப்படிக் கேட்டவன்தான். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு கிராமத்தில் பல வருஷமாக ஓலைக்கொட்டகை வைத்து ஜெபம் நடத்துகிற ஒரு சகோதரனிடம் இதைக் கேட்டேன். நாலு குடும்பம் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலை என் மனதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் கர்த்தர் என்னோடு இடைப்பட்டார். யாருடைய கணக்கை நீ பார்க்கிறாய் என்று உள்ளத்தில் உணர்த்தினார். அந்த நேரத்தில்தான், நம்முடைய இதே கரிசல் மண்ணில் வாழ்ந்து இதே மண்ணில் விழுந்துபோன ஒரு தேவ மனிதனின் ஜீவியம் என் நினைவுக்கு வந்தது. அவர் பெயர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடைப்பது அரிது. ஆனால் தன் ஊழியத்தின் பலனை எண்ணிப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கணக்கில் சிறந்த வாலிபன்

ராக்லண்ட் 1815-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஜிப்ரால்டரில் பிறந்தார். ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில் ஆங்கிலேயர் கோட்டை கட்டி வைத்திருந்த இடம் அது. உறவினர்களின் ஆதரவில் இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் பட்டணத்தில் வளர்ந்தார். வாலிப வயதில் அங்கே ஒரு வியாபார அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற வேலை பார்த்தார். வரவு செலவு, கப்பல் சரக்கு என்று நாள் ஓடியது. ஆனால் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற வாஞ்சை உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. ஆகவே மற்றவர்கள் படித்து முடிக்கிற வயதில் இவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார்.

1841-ம் வருஷம் கணிதத்தில் கடைசிப் பரீட்சை. முதல் வகுப்பில் தேறுகிறவர்களை அங்கே ராங்ளர் என்று அழைப்பார்கள். அந்த வருஷம் முதலாவதாக வந்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். நம்ம பிள்ளைகள் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் ஸ்டோக்ஸ் விதி என்று படிக்கிறார்களே, அதே ஸ்டோக்ஸ். அவர் முதலாவதாக வந்த வருஷத்தில் நான்காவதாக வந்தவர் ராக்லண்ட். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க! கல்லூரியிலேயே பதவி கிடைத்தது. இருந்திருந்தால் பெரிய பேராசிரியராகி, ஒரு விதிக்குத் தன் பெயரையும் வைத்திருக்கலாம்.

ஆனால் அவருடைய பாரம் வேறாக இருந்தது. கல்லூரிப் பதவியோடு, கேம்பிரிட்ஜில் ஏழைகள் நெருக்கமாகக் குடியிருந்த பார்ன்வெல் பகுதியில் சபை ஊழியமும் செய்தார். பிறகு சர்ச் மிஷனெரி சங்கத்தாரிடம் தன்னை ஒப்புக்கொடுத்தார். 1846-ம் வருஷம் தொடக்கத்தில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பது.

நாற்காலியை விட்டு எழுந்தவர்

சென்னையில் அவருக்குக் கொடுத்த வேலை மிஷன் சங்கத்தின் செயலாளர் வேலை. மறுபடியும் மேஜை, நாற்காலி, கணக்கு, கடிதம். தென்னிந்தியா முழுவதும் இருக்கிற மிஷனெரிமாருக்குப் பணம் அனுப்புவது, அறிக்கை வாங்குவது, சண்டை வந்தால் சமாதானம் பண்ணுவது எல்லாம் அவர் தலையில். அதை உண்மையாய்ச் செய்தார். அது கௌரவமான பதவி, எல்லாரும் மதிக்கிற பதவி.

செயலாளராகத் திருநெல்வேலிக்குப் பிரயாணம் போனபோது ஒரு காரியம் அவர் கண்ணில் பட்டது. தெற்கே பாளையங்கோட்டை, மெய்ஞ்ஞானபுரம், நல்லூர் என்று பனங்காட்டுப் பக்கத்தில் சபைகள் பெருகியிருந்தன. ஆலயம், பள்ளிக்கூடம், உபதேசியார் என்று எல்லாம் இருந்தது. வடக்கே சாத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில் பக்கம் பார்த்தால் கிராமம் கிராமமாய் இயேசுவின் நாமத்தையே கேள்விப்படாத ஜனங்கள். அன்றைக்கு அதெல்லாம் திருநெல்வேலி ஜில்லாவின் வடபகுதி. இன்றைக்கு அது விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. நாம் குடியிருக்கிற இதே கரிசல்காடுதான்.

மற்றவர்களை அங்கே அனுப்பிவிட்டு, தான் நாற்காலியில் இருந்து அறிக்கை வாங்கியிருக்கலாம். செயலாளர் செய்கிற வேலை அதுதானே? அவரால் அப்படி இருக்க முடியவில்லை. நானே போகிறேன் என்று முடிவெடுத்தார். சரீரமோ பலவீனமானது. நுரையீரல் வியாதி. 1852-ல் சுகத்துக்காக இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இனி அந்த வெயிலுக்குப் போகாதே என்று சொல்லத்தக்க நிலைமை. ஆனால் அவர் திரும்பி வந்தார். வரும்போது தனியாக வரவில்லை. கேம்பிரிட்ஜில் படித்த இரண்டு வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் டேவிட் ஃபென். மற்றவர் ராபர்ட் மெடோஸ். 1854-ம் வருஷம் வட திருநெல்வேலி ஊழியம் ஆரம்பமாயிற்று.

கூடாரவாசிகள்

அந்தக் காலத்துக் கரிசல்காட்டைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்க. நான்குவழிச் சாலை கிடையாது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்ததே 1876-ல்தான். தீப்பெட்டி ஆபீஸ் கிடையாது, பட்டாசுத் தொழில் கிடையாது. சிவகாசி என்றால் இன்றைக்கு உலகத்துக்கே தெரியும். அன்றைக்கு அது ஒரு வறண்ட சீமையின் சின்ன ஊர். பருத்தி, கம்பு, சோளம், வரகு, குதிரைவாலி. மழை பெய்தால் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொள்ளும், வண்டிச்சக்கரம் புதைந்துபோகும். கோடையில் அதே மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். குடிதண்ணீருக்கே பெண்கள் வெகு தூரம் நடக்க வேண்டும்.

இந்தச் சீமையில் பெரிய பங்களா கட்டி, ஜனங்கள் நம்மைத் தேடி வரட்டும் என்று அவர்கள் உட்காரவில்லை. கூடாரம் போட்டார்கள். ஒரு ஊர்ப்பக்கம் கூடாரம் அடித்து, சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் போவார்கள். அது முடிந்ததும் கூடாரத்தைப் பிடுங்கி, வண்டியில் ஏற்றி, அடுத்த இடம். வருஷத்தில் பெரும்பகுதி இப்படியே போயிற்று. காலை வேளையில் ஊருக்குள் போய்ப் பேசுவார்கள். வெயில் நேரத்தில் கூடாரத்துக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். வெயில் தாழ்ந்தபின் மறுபடியும் ஊருக்குள் போவார்கள்.

அன்றைக்கு ஒலிபெருக்கி கிடையாது என்பதை மறந்துவிடாதிருங்கள். ஒலிபெருக்கி இருந்தால் நாம் ஒருபக்கமாகப் பேசிவிட்டு வந்துவிடலாம். அது இல்லாதபோது என்ன நடக்கும்? எதிரே இருக்கிறவனும் பேசுவான். கேள்வி கேட்பான். பரியாசம் பண்ணுவான். உன் ஊரை விட்டு எதற்கு இங்கே வந்தாய், உனக்கு எவ்வளவு சம்பளம் என்று விசாரிப்பான். பதில் சொல்ல வேண்டுமானால் அவன் பாஷை தெரிய வேண்டும். அவன் எதற்குப் பயப்படுகிறான், யாரை நம்புகிறான், மழைக்கு யாரைக் கும்பிடுகிறான் என்பதெல்லாம் தெரிய வேண்டும். வயது முப்பதில் இந்தியாவுக்கு வந்து, அதற்கப்புறம் தமிழ் எழுத்தைக் கற்றவர் ராக்லண்ட் ஐயர். உயர்ந்த கணக்கெல்லாம் போட்டவர், ஆனா ஆவன்னாவுக்கு முன்னால் குழந்தையைப்போல உட்கார்ந்தார். அதுவே ஒரு சிலுவை சுமத்தல் அல்லவா?

நண்பர்களும் சகோதரரும்

இந்த ஊழியத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. இது தனி மனிதனின் ஊழியமாக இருக்கவில்லை. ராக்லண்ட், ஃபென், மெடோஸ் மூவரும் ஒரே பாரத்தைச் சுமந்த நண்பர்கள். மூத்தவர், அனுபவசாலி, முன்னாள் செயலாளர் என்று ராக்லண்ட் தன்னை உயர்த்திக்கொள்ளவில்லை. பார்த்தவர்களெல்லாம் அவருடைய தாழ்மையைத்தான் முதலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவி பிள்ளைகள் இல்லாத அந்த மனிதனுக்குக் கர்த்தர் நல்ல சிநேகிதரைக் கொடுத்தார்.

வெள்ளைக்காரர் மூவர் மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை. இதை நம்ம ஜனங்கள் பெருமையாய் நினைக்க வேண்டும். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் இந்த வட திருநெல்வேலிப் பாரத்தில் பங்கெடுத்தன. ஒரு உபதேசியாரை ஒரு மாதத்துக்கு வடக்கே அனுப்புவார்கள். அவர் செலவைச் சபையாரே கொடுப்பார்கள். அவர் திரும்பியதும் இன்னொருவர் போவார். பனைமரத்தை நம்பிப் பிழைக்கிற ஏழைச் சபைகள் இதைச் செய்தன. தங்களுக்கு உறவில்லாத ஊருக்கும், தங்கள் சாதியல்லாத ஜனங்களுக்கும் தங்கள் ஆளையும் தங்கள் காசையும் அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பணம் வந்தால்தான் ஊழியம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

பலனைக் காணாத மரணம்

இவ்வளவு பிரயாசப்பட்டும் அறுவடை எங்கே? வருஷம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, நாலு வருஷமும் போயிற்று. ஜனங்கள் கேட்டார்கள், சிலர் தலையாட்டினார்கள், பலர் போய்விட்டார்கள். ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலர். தெற்கே கிராமம் கிராமமாய்ச் சேர்ந்ததுபோல இங்கே ஒன்றும் நடக்கவில்லை. சென்னை அலுவலகத்தில் பிறருடைய அறிக்கைகளை வாங்கிப் பார்த்தவருக்கு, தன் அறிக்கையில் எழுத எண்ணிக்கை இல்லை.

அவர் சோர்ந்துபோகாததற்குக் காரணம் ஒரு வசனம். யோவான் 12:24. கோதுமை மணியைக் குறித்து நம்முடைய ஆண்டவர் சொன்ன உவமை அங்கே இருக்கிறது. ஊழியம் பலன் கொடுப்பதற்கு மனுஷர் எத்தனையோ திட்டம் போடலாம். ஆனால் கிறிஸ்து தாமே கைக்கொண்ட வழிதான் நிச்சயமான வழி, அது மண்ணில் விழுந்து சாகிறது என்பதே அவர் கண்ட சத்தியம். கணக்கு வாத்தியார் சூத்திரத்தைப் பிடிப்பதுபோல அவர் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டார்.

1858-ம் வருஷம் அக்டோபர் 22-ம் தேதி. சிவகாசியில் இருந்தார். ஐப்பசி பிறந்து சில நாள். நம்ம பக்கம் விவசாயிகள் விதையைப் போட்டுவிட்டு வடகிழக்கு மழைக்கு வானத்தைப் பார்க்கிற சமயம். வெகுநாளாய் வியாதிப்பட்ட நுரையீரலில் இரத்தக்குழாய் உடைந்து இரத்தம் வந்தது. நண்பர் ஃபென் பக்கத்தில் இருந்தார். பெரிய வைத்தியம் ஒன்றுக்கும் நேரமில்லை. கொஞ்ச நேரத்துக்குள் ராக்லண்ட் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 43. வட திருநெல்வேலி ஊழியம் தொடங்கி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. சிவகாசி மண்ணிலேயே அவரை அடக்கம் பண்ணினார்கள்.

உலகத்தின் கண்ணுக்கு அது நஷ்டக்கணக்கு. கேம்பிரிட்ஜில் நான்காவதாக வந்த மூளை, பேர் தெரியாத ஊரில், கையில் பலனில்லாமல் அடங்கிப்போயிற்று. இவ்வளவுதானா?

மழை வந்தது

கரிசல்காட்டில் புழுதி விதைப்பு என்று ஒன்று உண்டு. நம்ம பெரியவங்களுக்குத் தெரியும். மழை வருவதற்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவார்கள். மேலே பார்த்தால் வெறும் புழுதி. எறும்பு எடுத்ததா, வெயிலில் கருகியதா, ஒன்றும் தெரியாது. மழை இறங்கினால்தான் விதைத்தவன் புத்திசாலியா பைத்தியக்காரனா என்று தெரியவரும்.

ராக்லண்ட் ஐயர் மரித்து இரண்டு வருஷம் முடியுமுன்னே வட திருநெல்வேலியில் மழை இறங்கிற்று. ஸ்தோத்திரம்! 1860-ம் வருஷம் மே மாதம், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தில் பரிசுத்த ஆவியானவர் ஊற்றப்பட்டார். அங்கே ஊழியம் செய்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-ல் பிறந்த தமிழர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற விசுவாச வீரனின் வழியைப் பார்த்து, மிஷன் சம்பளம் இல்லாமல் கர்த்தரையே நம்பி 1840 வாக்கில் அந்தக் கிராமத்தை உண்டாக்கினவர். 1857, 1858-ல் அமெரிக்காவில் உண்டான ஜெப எழுப்புதல், 1859-ல் அயர்லாந்தில் உண்டான எழுப்புதல் பற்றிய செய்திகள் கடல் கடந்து வந்திருந்தன. அருளப்பனின் ஜனங்கள் ஜெபித்தார்கள். ஆணும் பெண்ணும் அழுது பாவ அறிக்கை செய்தார்கள். தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். ஜூன் மாதத்தில் சிலர் அந்நியபாஷை பேசியதையும், அதற்கு அர்த்தம் சொல்லப்பட்டதையும் அருளப்பனே எழுதி வைத்தார். அமெரிக்காவில் அசுசா தெரு எழுப்புதல் நடந்தது 1906-ல். அதற்கு 46 வருஷத்துக்கு முன்னால் நம்ம சீமையில்! அல்லேலூயா!

அந்த அக்கினி கிறிஸ்தியான்பேட்டையோடு நிற்கவில்லை. வட திருநெல்வேலியின் மிஷன் சபைகளுக்குள்ளும் பரவியது. மிஷனெரிமாரில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் பயந்தார்கள். சில இடங்களில் அளவு மீறிய காரியங்களும் நடந்தன, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அநேகர் மெய்யாகவே மனந்திரும்பினார்கள் என்பதை விமரிசித்தவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

ராக்லண்ட் ஐயர் விதைத்ததால்தான் இந்த எழுப்புதல் வந்தது என்று நான் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. ஆவியானவர் காற்றைப்போல் தமக்குச் சித்தமான இடத்தில் வீசுகிறவர் (யோவான் 3:8). ராக்லண்ட் ஆங்கிலிக்கன் சபைப் போதகர். அருளப்பன் எந்த மிஷனுக்கும் உட்படாத விசுவாசி. அவருக்கு இவர் எஜமானுமல்ல, இவருக்கு அவர் சீஷனுமல்ல. ஆனாலும் அந்த மழை இறங்கியபோது, இயேசு என்ற நாமத்தை ஒருமுறையாவது கேட்டிருந்த கிராமங்கள் அந்தச் சீமையில் இருந்தன. கூடாரம் போட்டுப் பேசியவர்களின் கால் பட்ட மண் அது. விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன் (யோவான் 4:37). ஃபென்னும் மெடோஸும் நண்பனைப் புதைத்த இடத்தை விட்டு ஓடவில்லை, வேலையைத் தொடர்ந்தார்கள். ஞானஸ்நானம் எடுப்பவர்கள் பிற்பாடு வந்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, 1922-ல், டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் ராக்லண்ட் ஐயரின் சரித்திரத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். மண்ணில் விழுந்தது வீணாகிப் போகவில்லை.

நமக்கு என்ன?

அருமையான தேவ பிள்ளையே, இது பழைய கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதே. இதில் நம்ம வீட்டுக்கும் சபைக்கும் கர்த்தர் வைத்திருக்கிற காரியங்கள் உண்டு.

முதலாவது, பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ்தான் தெரியுமே என்கிறீர்களா? உங்க வீட்டில் இருக்கிற பத்தொன்பது வயசுப் பிள்ளையின் பாஷை தெரியுமா? அவன் போனில் என்ன பார்க்கிறான் என்று அதட்டத் தெரிகிறது. எதற்குப் பயப்படுகிறான், எதைப் பார்த்து ஏங்குகிறான் என்று கேட்டதுண்டா? கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கே சபைக்குப் போகிறதில்லை என்று தகப்பன்மார் கண்ணீர் விடுகிறார்கள். கூடவே இருந்த நாட்களில் நாம் அவர்களோடு பேசினோமா, அவர்களுக்குப் பிரசங்கம் மட்டும் பண்ணினோமா? கேம்பிரிட்ஜ் படித்தவர் கம்பு விதைக்கிறவனிடம் பேசுவதற்காக ஆனா ஆவன்னா கற்றார். நாம் நம்ம சொந்தப் பிள்ளையிடம் பேசுவதற்கு அரைமணி நேரம் கீழே உட்காரக் கூடாதா?

இரண்டாவது, கூடாரத்தின் வாசலைத் திறந்து வையுங்கள். பக்கத்து வீட்டு அக்கா நம்ம மார்க்கத்தார் அல்ல. தீப்பெட்டி ஆபீஸில் ஒன்றாய் வேலை செய்கிறோம். அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா, பொங்கல் கொடுத்தால் வாங்கலாமா என்று மட்டும் நமக்குள் விவாதம் பண்ணுகிறோம். அவங்க மகளுக்கு வரன் அமையவில்லை, அவங்க வீட்டுக்காரர் குடிக்கிறார், அந்த அக்காவின் இருதயம் உடைந்திருக்கிறது என்பது தெரியுமா? ராக்லண்ட் ஐயரும் கூட இருந்தவர்களும் பேசினார்கள், கேட்கவும் செய்தார்கள். பரியாசக் கேள்விக்கும் பொறுமையாய்ப் பதில் சொன்னார்கள். மைக் போட்டு ஊருக்கே கேட்கச் சொன்னவர்கள் நாம். எதிர்வீட்டாரின் துக்கத்தை ஒருநாள் உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா?

மூன்றாவது, சாதியைத் தாண்டுங்கள். ஒரே அப்பத்தில் பங்கெடுக்கிறோம், ஒரே ஆவியில் நிரம்பி அந்நியபாஷை பேசுகிறோம். பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் ஏன் பழைய மனுஷன் எழுந்து வருகிறான்? பனங்காட்டு ஏழைச் சபையார் தங்கள் காசைப் போட்டு, தங்களுக்கு ஒட்டு உறவு இல்லாத ஜனங்களுக்கு ஆள் அனுப்பினார்களே. அவர்களும் குறையில்லாதவர்கள் அல்ல. சாதி என்ற முள் அன்றைக்கும் சபைக்குள் இருந்தது. ஆனாலும் இந்த ஒரு காரியத்தில் அவர்கள் எல்லையைத் தாண்டினார்கள். நாம் இன்றைக்கு எந்த எல்லையைத் தாண்டியிருக்கிறோம்?

நான்காவது, தேவனுடைய கணக்குப் புத்தகத்தை நாம் எழுதப் போக வேண்டாம். இதை முக்கியமாக ஊழியக்காரருக்கும், ஊழியக்காரரைத் தாங்குகிற சபையாருக்கும் சொல்லுகிறேன். நாலு குடும்பம் என்று சொல்லித் தலை குனிகிற சகோதரனே, தலையை நிமிர்த்து. சாகும்போது ராக்லண்ட் ஐயருக்கும் காண்பிக்கத்தக்க எண்ணிக்கை இருக்கவில்லை. ஆனால் உன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள். பலன் இல்லாதது விதை புழுதியில் இருப்பதாலா, விதைக்காமல் மூட்டையிலேயே வைத்திருப்பதாலா? விதைக்காதவன் மழையைக் குறை சொல்ல முடியாது. விதைத்தவன் மழைக்காகப் பயப்பட வேண்டியதும் இல்லை.

ஐந்தாவது, ஒரு ஃபென்னைத் தேடிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ராக்லண்ட் ஐயர் பக்கத்தில் ஒரு சிநேகிதன் இருந்தான். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஜெபிக்கக் கூப்பிட ஒருவர் இல்லை. ஊழியக்காரரில் அநேகர் தனிமையில் சோர்ந்துபோகிறார்கள். ஒருவர் சபையை ஒருவர் இழுத்துக்கொள்வாரோ என்ற பயத்தில் நாம் ஒருவருக்கொருவர் தூரமாய் நிற்கிறோம். இந்தப் பயம் நம்மை விட்டு நீங்காமல் எழுப்புதல் வந்தாலும் நமக்குள் நிலைக்காது.

அந்தக் கிராமத்துச் சகோதரனைப் போன மாதம் மறுபடியும் போய்ப் பார்த்தேன். எத்தனை பேர் என்று கேட்கவில்லை. ஓலைக்கொட்டகையில் இருவரும் பாயில் உட்கார்ந்தோம். அந்த நாலு குடும்பத்தில் இருக்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். பெயரைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. யாருக்கு என்ன வியாதி, எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது, எந்த வீட்டில் என்ன கடன் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்தோம். ஜெபித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆயிரம் பேர் உள்ள சபையில் எனக்கு அத்தனை பேரின் காரியம் தெரியுமா என்று வெட்கப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், கரிசல்காட்டுக் கிராமங்களில் தனியாய் நிற்கிற ஊழியக்காரருக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கி ஜெபிப்போம். உங்களால் கூடுமானால் ஒரு குடும்பம் ஒரு கிராம ஊழியக்காரரை ஒருநாள் போய்ப் பாருங்கள். அவரோடு சாப்பிடுங்கள். எண்ணிக்கை கேட்காதிருங்கள், பெயர்களைக் கேளுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்கள் கரிசல் மண்ணில் உம்முடைய ஊழியக்காரரை விதையாய் விழப்பண்ணினதற்காக ஸ்தோத்திரம். எண்ணிக்கையின் பெருமையிலிருந்தும், எண்ணிக்கையின் சோர்விலிருந்தும் எங்களை விடுதலையாக்கும். எங்கள் பிள்ளைகளோடும் அயலாரோடும் பேசுகிற பாஷையை எங்களுக்குத் தாரும். 1860-ல் எங்கள் சீமையில் ஊற்றின அபிஷேகத்தை எங்கள் நாட்களிலும் ஊற்றும். அதுவரைக்கும் விதைத்துக்கொண்டே இருக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!